பில்தாத் சொன்ன வசனம்

என் மகள் தன் கடைக்காக ஆசை ஆசையாக எழுதி வாங்கிய போர்டு எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்து என்ன செய்ய? குனிந்தபடியே கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, எழுந்து சோறு ஆக்கப் போவேன்.

அவர் பெயர் தம்பிதுரை. போத்தனூர் ஜங்ஷனில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலிருந்தே பைபிள் பைத்தியம். ரிட்டயர் ஆனதும் அது முற்றிவிட்டது. மற்றவர்கள் ரிட்டயர் ஆனால் வாக்கிங் போவார்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுவார்கள், மருமகனைக் குறை சொல்வார்கள். இவர் தபால் மூலம் வேதாகமப் படிப்பு படித்து, சனிக்கிழமை சாயங்காலம் சபையில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். வசனத்தைத் தப்பில்லாமல் புரிந்துகொள்வது எப்படி என்பதுதான் பாடம்.

"வசனம்னா சிக்னல் மாதிரிங்க," என்பார். "பக்கத்து லைனுக்குப் போட்ட பச்சையைப் பார்த்துட்டு நாம வண்டியை எடுத்தா என்னாகும்? பார்த்த உடனே இது எனக்குத்தான்னு எடுத்துக்கக் கூடாது. யாரு சொன்னது, யாருக்குச் சொன்னது, எப்பச் சொன்னது? முன் வசனம் என்ன, பின் வசனம் என்ன? இதைப் பார்க்காம எடுத்தா மோதல்தான்."

எனக்கு வேதத்தில் அவ்வளவு தேர்ச்சி கிடையாது. நான் ஆனைமலைப் பக்கம், அந்த ஊர் அம்மன் பெயர்தான் எனக்கும், மாசாணியம்மாள். கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தேன், பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றச் சொன்ன பாஸ்டரிடம், "ரேசன் கார்டுல நீங்களே மாத்தித் தந்துருவீங்களா?" என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார். ஆனாலும் இந்த மனுசனோடு இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியதில், முன் வசனம் பின் வசனம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

இவர் சொன்னதில் தப்பே இருக்காது. அதுதான் வம்பு. சபையில் ஒருவர் புது கார் வாங்கி, பின் கண்ணாடியில் ரதங்களைப் பற்றிய வசனம் ஒன்றை ஒட்டியிருந்தார். எல்லோரும் கார் நல்லாருக்கு, கலர் நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் கண்ணாடி கிட்டே போய்ப் படித்துவிட்டு, "ரதத்தை நம்பாதேன்னு சொல்ற வசனமுங்க இது, பாதியில வெட்டி ஒட்டியிருக்கீங்க," என்றார். அந்த ஆள் அப்புறம் ரொம்ப நாள் எங்கள் தெருப் பக்கமே காரைக் கொண்டுவரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காலண்டரில் போட்டிருக்கும் வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் முன் வசனத்தை எழுதி வைத்துவிட்டு வருவார். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். மிஸ்பா என்று இவர்தான் பெயர் வைத்தார். நாம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கும்போதும் ஆண்டவர் நமக்கு நடுவில் நின்று பார்த்துக்கொள்வார் என்று பைபிளில் ஒரு இடத்தில் வருகிறது, அந்த இடத்தின் பெயர் அது. பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அதை இவர் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். பிற்பாடு ஒருநாள், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். "மாசாணி, அது பாசத்துல சொன்னதில்ல. மாமனும் மருமவனும் ஒருத்தனை ஒருத்தன் நம்பாம, இந்தக் கல்லைத் தாண்டி நானும் வர மாட்டேன், நீயும் வராதேன்னு எல்லை போட்ட இடம். நான் அன்னிக்கு முன்னாடி பின்னாடி படிக்கல." முகம் செத்துப் போயிருந்தது. "பாப்பாகிட்டச் சொல்லீராதே," என்றார். அவரும் சொல்லவில்லை. உலகத்தில் எல்லார் வசனத்தையும் திருத்தினவர், அந்த ஒன்றை மட்டும் திருத்தாமல் வைத்திருந்தார்.

அப்பனும் மகளும் அப்படி ஒரு ஒட்டு. புது வருச ஆராதனையில் சபையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். அந்த வருசத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் வசனம் அது என்பது சனங்களின் நம்பிக்கை. மிஸ்பா அட்டையை எடுத்ததும் தான் படிப்பதற்கு முன்னாலேயே ஓடிவந்து இவர் கையில் கொடுப்பாள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்று ஒரு கதையே சொல்வார். கல்யாணம் ஆகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. மற்றவர்களுக்கு இவர் வசனத்தைக் கெடுக்கிறவர். அவளுக்கு மட்டும் வசனத்தைத் திறந்து காட்டுகிறவர்.

மாப்பிள்ளை மதன்குமார் சென்னிமலைக்காரர், கணபதியில் லேத் பட்டறையில் வேலை. தங்கமான பையன். முதல் குழந்தை ஆண். பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு. தவழ்வதற்கு முன்னாலேயே போய்விட்டான். அதைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன், பேச முடியாது. அடக்கம் முடிந்து வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "எந்தப் பாவமோ, பச்சப்புள்ள தலையில விடிஞ்சுபோச்சு," என்று யாரிடமோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். மிஸ்பாவுக்குக் கேட்டுவிட்டது.

அதன்பிறகு அவள் படுத்த படுக்கைதான். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். டாக்டரிடம் காட்டினோம், ஜெபக் குழு வந்து ஜெபித்தது. ஒன்றும் அசையவில்லை. அப்புறம் புது வருசம் வந்தது. மாப்பிள்ளை கையைப் பிடித்து ஆராதனைக்கு அழைத்து வந்தார். அட்டை எடுத்தாள், படித்தாள், பர்சில் வைத்துக்கொண்டாள். அந்த வருசம் மட்டும் அப்பாவிடம் காட்டவில்லை. இவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். பிள்ளை துக்கத்தில் இருக்கிறாள் என்று நானும் பெரிதாக நினைக்கவில்லை.

மறுவாரமே அவள் எழுந்துவிட்டாள். சென்னிமலையிலிருந்து பெட்ஷீட், ஜமக்காளம் எல்லாம் எடுத்துவந்து போத்தனூரிலேயே கடை போடப் போகிறேன் என்றாள். செட்டிபாளையம் ரோட்டில் ஒரு சின்னக் கடை பார்த்தாள். சுண்ணாம்பு அடிக்கும்போது தானே ஏணி பிடித்தாள். கன்னத்தில் வெள்ளையோடு என்னிடம் டீ கேட்டாள். நான் அந்த டீயைப் போடும்போது ஆண்டவருக்கும் நன்றி சொன்னேன், மாசாணியம்மனுக்கும் நன்றி சொன்னேன். யார் செய்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. செய்தது அந்த அட்டை.

கடை திறப்புக்குப் பாஸ்டர் சாமுவேல் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போண்டாவும் காபியும் ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். போர்டை ஒரு பெட்ஷீட்டால் மூடி வைத்திருந்தாள். ஜெபம் முடிந்து பெட்ஷீட்டை இழுத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கடைப் பெயருக்குக் கீழே வசனம். தொடக்கம் சிறியதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று சொல்கிற வசனம். பாதிக் கிறிஸ்தவக் கடைகளில் அது தொங்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவளுக்கு வந்த அட்டை அதுதான்.

"தம்பிதுரை பிரதர், ரெண்டு வார்த்தை பேசுங்க," என்றார் பாஸ்டர்.

இவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு போர்டை நிமிர்ந்து பார்த்தார். "பேரு நல்லாருக்குது. எழுத்தும் நல்லாருக்குது. ஆனா இந்த வசனம்..." என்று இழுத்தார். சபைக்காரர்கள் சிரித்தார்கள், எதிர்பார்த்ததுதானே. மிஸ்பாவும் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் பல் தெரிந்தது.

"ஏனுங்கப்பா, எம்பட வசனத்துக்கு என்னுங்க?"

"இது கர்த்தர் சொன்னதில்ல கண்ணு. யோபுவோட சிநேகிதன் பில்தாத் சொன்னது."

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். ஏதோ கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டார்.

"அப்ப அது வாக்குத்தத்தம் இல்லீங்களா?" அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "அவன் வேற என்னுங்கப்பா சொன்னான்?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் இவருக்கு. அதுவும் மகள் கேட்டால். பழைய சந்தோசம் முகத்தில் வந்துவிட்டது. "முன் வசனத்தைப் பாரு. புள்ளைகளை எல்லாம் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கற யோபுகிட்டப் போயி, உன்ற புள்ளைக பாவம் பண்ணியிருப்பாங்க, அதான் ஆண்டவர் அவங்களைத் தண்டிச்சுப்போட்டாருன்னு..."

அங்கே நின்றுவிட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் காதில் விழுந்திருக்க வேண்டும். அவன் சொன்னது தப்பு என்று கடைசி அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லிவிடுகிறார், அதுதான் இவர் அடுத்துச் சொல்ல வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ்பா உள்ளே போய், காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். இவருக்கும் கொடுத்தாள். "சக்கரை போதுங்களா?" என்று கேட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மாப்பிள்ளை போர்டை டெம்போவில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இதைப் பார்க்க முடியலைங்கறா மாமா. குப்பையில போடவும் மனசு வரலை, வசனமாச்சுங்களே. நீங்களே வெச்சுக்குங்க," என்றார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவர் போனதும் இவர் கேட்டார், "நான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே மாசாணி?"

"தப்புன்னு ஆரு சொன்னாங்க? சரியாத்தான் சொன்னீங்க. சரியாச் சொல்லித்தான் அவளை மறுபடியும் படுக்க வெச்சுப்போட்டீங்க," என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

மீதியைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை. பாதியில் விட்டதுதான் கோளாறு, முழுசாகக் கேட்டால் அவளுக்கே ஆறுதலாக இருக்கும் என்றார். ஊரார் வசனத்தைப் பாதியில் வெட்டினால் குதிக்கிறவர், பெற்ற பெண்ணுக்கே பாதி வசனத்தைச் சொல்லிவிட்டு வந்தவர். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன், விட்டால் இன்னொரு அதிகாரம் நடத்திவிட்டு வருவார் என்ற பயம்தான்.

மிஸ்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க," என்றாள். இவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பில்தாத் பேசினது பொய், ஆண்டவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தை பாவம் பண்ணவில்லை, நீயும் பண்ணவில்லை, அந்தப் புத்தகம் முழுக்க அதற்காகத்தான் எழுதியிருக்கிறது. நன்றாகத்தான் சொன்னார். எனக்கே கண் கலங்கியது.

அவள் முழுக்கக் கேட்டாள். "தெரியுமுங்கப்பா. கடை திறந்த அன்னிக்கு ராத்திரியே கடைசி வரைக்கும் படிச்சுப்போட்டேன். எல்லாம் நீங்க சொல்ற மாதிரித்தான் இருக்குது." "எம்பட பேரு எங்கிருந்து வந்துச்சுன்னும் எனக்குத் தெரியுமுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"பத்தாவது படிக்கறப்பவே படிச்சேன். மாமனும் மருமவனும் சண்டை புடிச்சுக் கல்லு நட்ட எடம். எங்கப்பனுக்கு இது தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லாம வெச்சிருக்காரு, எம்மேல அத்தனை பாசம்னு நெனச்சுக்கிட்டேன். ஆருகிட்டயும் சொல்லாம நானும் வெச்சிருந்தேன்." குரல் உடைந்தது. "அந்த அட்டையை ஏன் காட்டலைன்னு நெனைக்கறீங்க? அது ஆரு சொன்னதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமுன்னுதான். ஒரு நாளைக்கு வாயை மூடியிருக்கக் கூடாதுங்களா? ஆரு சொன்னது, ஆருக்குச் சொன்னதுன்னு பார்க்கோணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தீங்களே. அன்னிக்கு பில்தாத்துங்களா சொன்னான்? எங்கப்பா சொன்னாருங்க. எனக்குச் சொன்னாரு."

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற மனுசன், பைபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்குத் தேற்றத் தோன்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டார். பாஸ்டர் வீடு தேடி வந்து கூப்பிட்டும் போகவில்லை. "நானே இன்னும் பாஸாகலீங்க," என்றார். யோபுவின் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "அந்தச் சிநேகிதனுங்க வந்த புதுசுல, யோபு படற துக்கத்தைப் பார்த்துட்டு, ஒரு வாரம் ஒரு பேச்சும் பேசாம அவன்கூடத் தரையில உக்காந்திருந்தாங்க மாசாணி. அதுவரைக்கும் சரியா இருந்தாங்க. வாயைத் தொறந்துதான் கெட்டாங்க. அந்த எடத்தை நான் எத்தனை தரம் படிச்சிருப்பேன், நின்னு பார்க்கலையே."

மறுநாள் காலையில் மாப்பிள்ளையிடம் சாவி வாங்கிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தார். போர்டு இல்லாத கடை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். யாராவது வந்து பெட்ஷீட் விலை கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க, பொண்ணு வந்துதான் சொல்லோணும்," என்பாராம். சாயம் போகுமா? "பொண்ணுக்குத்தான் தெரியுமுங்க." டபுளா சிங்கிளா? "அதுவும் தெரியலீங்க." எதிர்க் கடைக்காரர் என்னிடம், "உங்க ஊட்டுக்காரருக்கு என்னாச்சுங்கம்மா?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று நான் எப்படிச் சொல்வேன்? போகட்டும், அவர் வாயில் தெரியாது என்ற வார்த்தை வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இது மிஸ்பா காதுக்குப் போகாமல் இருக்குமா? நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், வேகமாக வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. "வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிச்சா யாவாரம் உருப்படுமுங்களா? இதென்ன, பெட்ஷீட்டை இப்படியா மடிச்சு வெப்பாங்க?" என்று சத்தம் போட்டாள். அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துக் கீழே போட்டாள். இவர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுகொண்டார்.

போட்டுவிட்டு அந்தக் குவியலுக்கு நடுவில் அவளும் உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"எம்பட பையன் எதுக்குங்கப்பா போனான்?"

இவருக்குத் தெரியாத வசனமா? உதடு ஒருதரம் அசைந்தது. அப்புறம் இவரும் தரையில் உட்கார்ந்தார், அந்த வயதில் முட்டி மடங்காமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு.

"தெரியல கண்ணு," என்றார். "எனக்குத் தெரியல."

இரண்டு பேரும் அழுதார்கள். நான் சாப்பாட்டுத் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அவள் ஒரு பெட்ஷீட்டை உதறி அதன் ஒரு பக்கத்து முனைகளை அவரிடம் நீட்டினாள். இரண்டு பேரும் மடிக்க ஆரம்பித்தார்கள். அவர் தப்பாக மடித்தார், அவள் பிரித்து மறுபடியும் கொடுத்தாள்.

கடை இப்போது நடக்கிறது. வேறு போர்டு வந்துவிட்டது, கடைப் பெயர் மட்டும்தான். பழைய போர்டை அவள் கேட்கவில்லை, நாங்களும் எடுத்துக் கொடுக்கவில்லை. இவர் தினமும் போய் உட்காருகிறார். விலையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார். மகளோடு சாயத்தைப் பற்றிப் பேசுவார், நூலைப் பற்றிப் பேசுவார், வெயிலைப் பற்றிப் பேசுவார். வசனம் மட்டும் பேசுவதில்லை. வாடிக்கைக்காரர் யாராவது வாட்ஸ்அப்பில் வந்த வசனத்தைக் காட்டினால், "நல்லாருக்குதுங்க," என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

இந்தப் புது வருசமும் ஆராதனை முடிந்து பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மிஸ்பா அட்டை எடுத்தாள். படிக்கவில்லை. சின்னப் பிள்ளையில் வருவாளே, அதே மாதிரி நேராக இவரிடம் வந்து நீட்டினாள்.

இவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, முன்னால் என்ன, பின்னால் என்ன, எல்லாம் இவர் மனதில் ஓடுவது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. ஒரு நொடி கண்ணில் பழைய வெளிச்சம்கூட வந்தது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்ல வசனம் கண்ணு. பத்திரமா வெச்சுக்க," என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் உடனே போகவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். இவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். கடைசியில் அவள் அட்டையைப் பர்சுக்குள் வைத்து மூடினாள். ஆரு சொன்னதுன்னு சொல்லித்தான் தொலையுங்களேன் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.